கேக் வெட்டும்போது அப்பா நிற்கிற இடம்

வீடியோ எடுக்கிறவன் கொண்டாட்ட வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், எல்லாருடைய சந்தோசத்தையும் ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஆறின சோற்றைக் கடைசி ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறவன். மெல்பேணில் எனக்குக் கிழமை நாட்களில் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு தோளில் கமரா. தொண்ணூறுகளில், இங்கே குடியேறின எங்கள் தமிழ்ச் சனம் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளைக் கலியாணம் மாதிரித்தான் செய்யும். மண்டபம், மேடை, மூன்று தட்டுக் கேக், நான்.

கலியாணம் கட்டி வருசக்கணக்காகியும் வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்காத ஆட்கள் யாராவது இதை வாசித்தால், கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், ஆனால் நடுவில் எழும்பி வந்து புத்திமதி சொல்லக்கூடாது.

மஞ்சள் கிலுகிலுப்பை

ஒரு வயதுப் பிள்ளை லேசில் கமராவைப் பார்க்காது. எல்லாரும் சேர்ந்து "இஞ்ச பாருங்கோ, மாமாவைப் பாருங்கோ" என்று கத்த, அது பயந்து வீரிட்டு அழும். நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கமராவுக்கு மேல் ஒரு மஞ்சள் கிலுகிலுப்பையைக் கட்டிவிடுவேன். இடது கையால் ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளை அழுகையை விட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு லென்சையே பார்க்கும். எனக்கு வீடியோ எடுக்க ஓடர் வந்ததே இந்தக் கிலுகிலுப்பையால்தான்.

நோபிள் பார்க்கில் ஒரு வீடு. ஊரைக் கூட்டி அழுத பிள்ளையை நான் சிரிக்க வைத்ததைப் பார்த்துத் தாய்க்காரி பூரித்துப் போனாள். "அண்ணைக்கு எத்தினை பிள்ளையள்?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். வேறு ஆட்கள் என்றால் முகம் மாறும், "ஐயோ" என்று ஒரு சத்தம் வரும். எனக்கு அது பழகிப் போனது. இந்தத் தாய்க்காரிக்கு வெள்ளை மனசு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனமாரச் சொன்னாள்: "அதுதான் அண்ணை உங்களுக்கு இவ்வளவு பொறுமை!"

மூக்கு விசாரணை

பிறந்தநாள் வீட்டில் கேக்குக்கு அடுத்தபடி முக்கியமானது சாயல் விசாரணை. தாய்ப் பகுதி ஒரு மேசை, தகப்பன் பகுதி ஒரு மேசை. பிள்ளை கை மாறி மாறிப் போகும், போகிற இடமெல்லாம் ஒரு உறுப்பு பறிபோகும். கண் பெரிய மாமாவுடையது, நாடி அப்பப்பாவுடையது, காது கனடாவில் இருக்கிற அத்தையுடையது. இத்தனையையும் எடுத்து, பிறகு வீட்டில் இருந்து வெட்டி ஒட்டும்போது திரும்பத் திரும்ப நான் கேட்கவேண்டும். என் மனைவி யோகா பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டு கேட்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். ஏதாவது சொல்லித் தொலைத்தால் பரவாயில்லை என்று எனக்கு இருக்கும்.

ஒரு முறை ஒரு தகப்பனின் தாய், வீடியோக் கசற்றைப் பார்த்துவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார். பிள்ளையின் மூக்கைப் பற்றி மருமகளின் ஆட்கள் சொன்னது வந்திருக்கிறதாம், தான் சொன்னது வரவில்லையாம். அந்த நேரம் பின்னால் பாட்டுச் சத்தம் அதிகம் அம்மா, பேச்சு விளங்கவில்லை, அதனால்தான் வெட்டவேண்டி வந்தது என்று சமாளித்தேன். மனுசி விடுகிற ஆள் இல்லை: "பாட்டை வெட்டியிருக்கலாமே தம்பி, என்ர மூக்கை ஏன் வெட்டினனீர்?"

கோயிலில் ஒரு அன்ரி

டொக்டர் சொன்ன நாளை நான் விரிக்கப் போவதில்லை. பிழை யோகாவில் இல்லை, என்னில் என்றார். என் உடம்பில் விந்தணு உண்டாகவே இல்லை, அதற்கு மருந்தும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. பிள்ளை வேண்டுமென்றால் வேறு ஒரு ஆணிடமிருந்து தானமாக வாங்கவேண்டும். கிளினிக்கில் இருக்கிற முகம் தெரியாத ஆளுடையதும் எடுக்கலாம், உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமும் கேட்கலாம், இரண்டு பேரும் ஆறுதலாக யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். காருக்குள் வந்து இருந்து, வீட்டுக் கதவின் திறப்பை எடுத்துக் காருக்குப் போட்டுத் திருப்பப் பார்த்தேன். யோகா இறங்கிச் சுற்றி வந்து, என்னை மற்றப் பக்கம் தள்ளிவிட்டுத் தானே காரை ஓட்டினாள்.

அடுத்த வெள்ளி கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி யோகாவைப் பிடித்துக்கொண்டார். எந்த விரதம் பிடிக்கவேண்டும், எதைச் சாப்பிடக்கூடாது, எந்தப் பக்கம் சரிந்து படுக்கவேண்டும், எல்லாம் சொன்னார். பிழை யோகாவில்தான் என்பது அன்ரியின் முடிவு. இந்த விசயத்தில் எங்கள் சனத்துக்கு டொக்டரே தேவையில்லை. நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, இப்போ சொல்லப் போகிறாள், இப்போ சொல்லப் போகிறாள் என்று வேர்த்து வழிந்தேன். அவளோ "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். காரில் ஏறினதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சீற் பெல்ற்றைக் கொழுவிக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா உங்களுக்கு பேத்டே ஓடர் ஒண்டும் வராதப்பா."

தெரிந்த ஆள்

தெரிந்த ஆள் என்றதும் எனக்கு ஒருவன்தான் மனசில் வந்தான். என் தம்பி ரமணன். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறான். மனைவி வதனி, ஆரணி என்று ஒரு மகள். எனக்கும் அவனுக்கும் ஒரே நாடி, ஒரே நெற்றி, ரெலிபோனில் எடுத்தால் குரலும் ஒன்று. என் கணக்கு லேசானது. அவன் தந்தால் பிள்ளை என்னை மாதிரியே இருக்கும், சாயல் விசாரணையில் நான் வென்றுவிடுவேன், ஈ காகத்துக்கும் தெரியவராது. முகம் தெரியாத ஆள் என்றால் மூக்கு எந்த நாட்டிலிருந்து வருமோ, அதை வைத்துக்கொண்டு நான் எந்த மேசைக்குப் போவது?

யோகா கொஞ்ச நாள் பிடி கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு தொடங்கினாள். முகம் தெரியாத ஆளோடு எங்களுக்கு ஒரு தொடுசலும் இல்லை, பிள்ளை பெரிதாகித் தேடினால் தேடட்டும். ரமணன் என்றால் தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான், வந்து பிள்ளையைத் தூக்குவான். அவன் தூக்கிக் கொஞ்சும்போது நீங்கள் எங்கே பார்ப்பீர்கள், நான் எங்கே பார்ப்பது? என்னை அண்ணி என்று கூப்பிடுகிறவன், நாளைக்கு அவன் முகத்தில் எப்படி முழிப்பது? அதெல்லாம் பழகிவிடும் என்றேன். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், இவ்வளவு நல்ல கணக்கைக் குழப்புகிறாளே என்று. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ரமணனுக்குச் சொல்லுறதோ, விடுறதோ? அதை முதல் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

நீலக் கோட்

அந்தக் கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டே பிறந்தநாள் வீடுகளுக்குப் போய் வந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தொழிலில் ஒரு பெரிய பிழை விட்டேன். கேக் வெட்டுவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. பிள்ளை நடுவில், ஒரு பக்கம் அம்மா, மற்றப் பக்கம் அப்பா, கத்தியில் மூன்று பேருடைய கையும் இருக்கவேண்டும். வீடியோக்காரன் அன்று முழுக்க இந்த மூன்று முகத்தையும் விடாமல் பிடிக்கவேண்டும். ஆனால் இதுதான் அப்பா என்று வீடியோக்காரனுக்கு ஒருவரும் அறிமுகம் செய்வதில்லை. அவனாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பிரிங்வேலில் ஒரு பிறந்தநாள். பிள்ளை முழுநேரமும் நீலக் கோட் போட்ட ஒருவரின் தோளில். அவரே பால் பருக்கினார், அவரே நாப்பி மாற்றினார், அழுதபோது வெளியே கொண்டுபோய்க் கார் காட்டினார். நான் அவரை விடவில்லை. கேக் வெட்டும்போதும் பிள்ளை வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று கத்தினதால் அவரே தூக்கிக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் நின்றார். "அண்ணை, நான் வந்து..." என்று ஏதோ சொல்லப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் விளங்கவில்லை. "கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ" என்று நான் கையைக் காட்டினேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, கேக் வெட்டும் நேரமும் கறிச்சட்டியோடு குறுக்கும் மறுக்கும் போன ஒருவரைச் சமையல்காரர் என்று நினைத்து, பிறகு கசற்றில் இரண்டு இடத்தில் அவரை வெட்டியும் விட்டேன். வெட்டுப்பட்டவர்தான் அப்பா.

கசற் கொடுத்த மறுநாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். நீலக் கோட் தம்பி, பிள்ளைக்குச் சித்தப்பா, இன்னும் கலியாணம் ஆகாதவர். நான் அண்ணனிடம் ஏச்சு வாங்க ஆயத்தமாக நின்றேன். பதறினது தம்பிதான். என்னை எல்லா இடத்திலும் வெட்டிவிடுங்கோ, நான் சும்மா தூக்கினனான், அண்ணன் நிற்கிற இடத்தில் நான் நின்றது சரியில்லை என்று கெஞ்சினார். கண்ணெல்லாம் சிவந்து இருந்தது. அவரை வெட்டினால் கையில் இருக்கிற பிள்ளையும் போய்விடும் என்று சொன்னேன். அப்போதுதான் அண்ணன்காரர் வாய் திறந்தார்: "ஒண்டையும் வெட்டாதேங்கோ. அவன் தூக்கினது உண்மைதானே? பிள்ளை கேட்டா நான் சொல்லுவன்."

வதனியின் குசினி

அவர்கள் போனபிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதுவரை என் கணக்கில் ரமணன் வெறும் நாடியும் நெற்றியும்தான். அவனும் ஒரு நாள் இப்படிக் கண் சிவந்து, என்னை வெட்டிவிடு அண்ணா என்று வந்து நிற்கக்கூடும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. காரை எடுத்துக்கொண்டு யோகாவும் நானும் சிட்னிக்குப் போனோம். அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை. கேட்டுத்தான் பாருங்கோவன் என்று வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் விசயத்தைச் சொன்னேன். ரமணன் இடியப்பத்தை வாயில் வைத்தபடியே "ஓம்" என்றான். இதற்கென்றே இவ்வளவு தூரம் வந்தனியா, ரெலிபோனில் கேட்டிருக்கலாமே, நீ கிட்னி கேட்டாலும் தருவேனே என்று முதுகில் தட்டினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தாயா என் தம்பியை என்று யோகாவைப் பெருமையோடு பார்த்தேன். அவள் வதனியின் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வதனி எப்போது எழும்பிப் போனாள் என்று எனக்கும் ரமணனுக்கும் தெரியாது.

குசினியில் வதனி கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றாள். "வதனி, உமக்கு ஏதும்..." என்று இழுத்தேன். அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன், அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "அவர் உங்களுக்கு எதுக்கும் ஓம் எண்டுவார் அண்ணா. என்னை ஒரு வார்த்தை கேக்கவேணும் எண்டு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் தோன்றேல்லையே?"

நாலு கதிரை

தெரிந்த ஆளிடம் வாங்குவதென்றால் நாலு பேரும் ஒன்றாக வந்து, ஆலோசனை சொல்லும் பெண்மணியோடு பேசவேண்டும். அது கிளினிக்கின் முறை, அதற்காக ரமணனும் வதனியும் சிட்னியிலிருந்து வந்தார்கள். மார்கரெட் என்று ஒரு வயதான வெள்ளைக்காரி. நாலு கதிரையை வட்டமாகப் போட்டு எங்களை இருத்தினார். எங்கள் வீட்டில் நாலு பேர் ஒன்றாக இருந்தால் நடுவில் ரீவி ஓடும், அல்லது ஒருவர் தேத்தண்ணி போடப் போய்விடுவார். இங்கே இரண்டுக்கும் வழி இல்லை.

அவர் கேட்ட கேள்விகள் சின்னச் சின்னக் கேள்விகள்தான். பிள்ளைக்கு அண்ணன் அடித்தால் நீ என்ன செய்வாய் என்று ரமணனைக் கேட்டார். பேசாமல் இருக்கப் பார்ப்பேன் என்றான், பிறகு, அது என்னால் முடியாதுபோல இருக்கிறது என்று தானே சொன்னான். பிள்ளைக்கு என்ன சொல்வதாக இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பார்க்க என்னைப் போலத்தானே இருக்கும் என்றேன்.

வதனி நேரே என் முகத்தைப் பார்த்தாள். தான் நன்றாக யோசித்துவிட்டதாகவும், ரமணன் தருவதில் தனக்குச் சம்மதம் என்றும் சொன்னாள். ஆனால் ஒளித்து வைப்பதென்றால் இல்லை. ஆரணிக்கும் சொல்லவேண்டும், பிறக்கிற பிள்ளைக்கும் சின்னதிலிருந்தே சொல்லவேண்டும், ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து நடித்துவிட்டுப் போகத் தன்னால் ஏலாது என்றாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையில் அது பயம். ஒரு நாள் அந்தப் பிள்ளை எழும்பி நின்று நீ என் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அதைச் சொல்ல வாய் வராமல், சனம் என்ன கதைக்கும் தெரியுமா என்று சத்தம் போட்டேன். யோகா என் கையைப் பிடித்து இருத்தினாள். "சனத்துக்கு நான் கோயிலில பொய் சொல்லுறன், அது போதும். என்ர பிள்ளைக்கும் பொய் சொல்லச் சொல்லாதேங்கோ."

கமரா கை மாறினது

ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. சொன்னபிறகு, காய்ச்சல் என்றால் ரமணனுக்குச் சொல்வது, பெயரும் பள்ளிக்கூடமும் கண்டிப்பும் எங்களோடு என்று யோகாவும் நானும் பேசி முடித்தோம். ரமணன் மெல்பேணுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனான். கிளினிக்கில் அதைப் பரிசோதித்து, மாதக்கணக்கில் உறையவைத்து, பிறகுதான் எடுத்தார்கள். முதல் முறை தங்கவில்லை. யோகா அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த முறை தங்கியது. மகள் பிறந்தாள், அபி.

முதலாவது பிறந்தநாளுக்கு டண்டினொங்கில் மண்டபம் எடுத்தேன். ஊரார் வீட்டுக் கேக்கையெல்லாம் எடுத்த நான் என் பிள்ளையின் கேக்கை இன்னொருவனிடம் கொடுப்பேனா? காலையிலேயே கமராவைத் தோளில் போட்டுவிட்டேன். கேக் வெட்டும் நேரம் யோகா பிள்ளையோடு மேடையில் நின்று என்னைத் தேடுகிறாள், நான் எதிரில் நின்று அவளுக்கு வெளிச்சம் சரிபார்க்கிறேன். "தேப்பன் எங்க?" என்று சனம் சத்தம் போட்டது. ஒரு அன்ரி பொறுமை கெட்டு, தேப்பன் வீடியோ எடுக்கட்டும், சித்தப்பாவாவது போய் நில்லும் என்று ரமணனைப் பிடித்து மேடைப் பக்கம் தள்ளினார். யோகாவின் முகம் வெளிறியதை நான் லென்சுக்குள்ளால் பார்த்தேன்.

ரமணன் மேடையில் ஏறவில்லை. திரும்பி நேரே என்னிடம் வந்தான். என் தோளிலிருந்து கமராவை இறக்கித் தன் தோளில் வைத்தான். கமரா பிடிக்கத் தெரியாதவன், அது ஒரு பக்கம் சரிந்தது. கிலுகிலுப்பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். "இஞ்ச உனக்கு வேலை இல்லை அண்ணா. போய் உன்ர இடத்தில நில்லு."

தலை இல்லாத அப்பா

கேக் வெட்டினதிலிருந்து முடியும்வரை ரமணனே எடுத்த அந்தக் கசற் படுமோசம். ஆட்டமோ ஆட்டம். மண்டபத்துக் கூரை வருகிறது, யாரோ ஒருவரின் செருப்பு வருகிறது. கேக் வெட்டும் இடத்தில் யோகா இருக்கிறாள், பிள்ளை இருக்கிறாள், கத்தியில் மூன்று கையும் இருக்கிறது, எனக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் ஒரு அன்ரி "நாடியைப் பாருங்கோ, அப்பிடியே சித்தப்பன்ரை" என்கிறார். அந்த இடத்தில் படம் ஒரு குலுக்குக் குலுங்கும். ரமணன் சிரித்தானோ அழுதானோ, நான் கேட்டதில்லை. ஒரு இடத்தையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அபிக்கு அந்தக் கசற் என்றால் பைத்தியம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வருசம், ஒரு ஞாயிறு மத்தியானம், என் மடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதிலிருந்தே சொல்வதாகத்தான் வதனிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். "சித்தப்பாவை ஒரு இடமும் காணேல்லை" என்றாள். ஆரணி அக்கா இருக்கிறாள், வதனி சித்தி இருக்கிறாள், அவர் மட்டும் இல்லை. வீடியோ எடுத்தவர் அவர்தான், அதனால்தான் தெரியவில்லை என்றேன். இன்றைக்கு விட்டால் இனி எப்போது? உடுப்பு மடித்துக்கொண்டிருந்த யோகாவும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். பிள்ளை வருவதற்கு ஆம்பிளையிடமிருந்து ஒரு சின்ன விதை வேண்டும், அப்பாவிடம் அது இருக்கவில்லை, அம்மாவும் அப்பாவும் உனக்காக எவ்வளவோ காலம் பார்த்துக்கொண்டிருந்தோம், சித்தப்பா தன்னுடையதைத் தந்தார், அப்படித்தான் நீ எங்களிடம் வந்தாய் என்றேன். எழும்பிப் போய்விடுவாளோ என்று அவளைச் சுற்றிக் கையைக் கோத்துப் பிடித்திருந்தேன். அபி ரீவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப ரீவியைப் பார்த்தாள். மடியில் இருந்தபடியே கேட்டாள்: "ஓகே அப்பா, ஆனா ஏன் சித்தப்பா உங்கட தலையை எடுக்கேல்லை?"

இத்தனை வருசமாக நான் பயந்து பயந்து பதில் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் வரவில்லை, வந்த ஒரே கேள்வி தொழில் சம்பந்தமானது, அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.